அரக்கு அரக்காகவே தெரிய: காஞ்சிபுரத்து மாடி அறையில் அமைந்த ஒரு ஸ்டூடியோ

காஞ்சிபுரத்தில் தலைமுறைகளாகப் பட்டுத் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம், புடவைகளைக் கடைகளுக்குக் கொடுப்பதோடு நில்லாமல், வாட்ஸ்ஆப் மூலமும் இன்ஸ்டாகிராம் மூலமும் நேரடியாக விற்கத் தொடங்கியது. அந்த விற்பனையை வீட்டின் மருமகள் கவனித்துக்கொள்கிறார். படம் எடுப்பது, அதைச் சரிசெய்வது, விலையோடு அனுப்புவது, வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது ஆகிய எல்லாமே அவர் பொறுப்பு. நெசவைப் பற்றியோ ஜரிகையைப் பற்றியோ வாங்கியவர்கள் குறை சொன்னது அரிது. புடவை திரும்பி வந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. "அக்கா, போட்டோல பார்த்தது ஒரு கலரு, கைக்கு வந்தது வேற கலரு" என்ற செய்தி வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

அவர்கள் என்னிடம் கேட்டவை இரண்டு கேள்விகள். எந்தக் கேமரா வாங்கலாம்? படங்களைத் திருத்த எந்த மென்பொருள் நல்லது? வீட்டில் ஸ்டூடியோ அமைக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் தொடங்குவது இந்த இரண்டிலிருந்துதான். ஆனால் இவ்வீட்டின் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்த வரிசையை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். பட்டு மட்டுமன்றி, நகை, கைவினைப் பொருள், உணவு என எதை வீட்டிலிருந்து படமெடுத்து விற்பவருக்கும் இதில் பயன்படும் செய்தி இருக்கும் என்று நம்புகிறேன். குடும்பத்தின் பெயரை அவர்கள் விருப்பப்படி தவிர்த்திருக்கிறேன்.

பழைய ஏற்பாடு

மாடியில் இருந்த அறை பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்டது. சுவர்களுக்கு வெளிர்பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். வடக்கே ஒரு சன்னல், கூரையில் ஒரு மின்விசிறி, ஒரு டியூப் லைட், அதோடு வீட்டு உபயோகத்துக்கான எல்.இ.டி. பல்பு ஒன்று. படம் எடுப்பதற்கென்று வாங்கியது ஒரு வட்ட விளக்கு மட்டுமே. அதன் நடுவில் கைபேசியைப் பொருத்தி, எதிரே பொம்மையில் கட்டிய புடவையைப் படம் எடுத்துவந்தார்கள். உறவினர் ஒருவர் கொடுத்த 24 மெகாபிக்சல் கேமராவும், அதோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸும் அலமாரியில் இருந்தன. கைபேசியில் எடுப்பதே பளிச்சென்று இருக்கிறது என்பதால் அந்தக் கேமராவை யாரும் தொடவில்லை.

படம் எடுத்தபின் கைபேசிச் செயலி ஒன்றில் வெளிச்சத்தையும் நிறச் செறிவையும் சற்று ஏற்றி அனுப்புவது வழக்கம். நிறம் சரியாக வந்திருக்கிறதா என்பதை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லை. ஒரே அரக்குப் புடவை ஒரு படத்தில் செங்கல் நிறமாகவும், அடுத்த படத்தில் மாதுளை நிறமாகவும் தெரிந்ததை அவர்களே காட்டினார்கள்.

நிறம் தொலைந்த இடங்கள்

முதற்காரணம், ஒரே அறையில் நான்கு வகை ஒளி கலந்ததுதான். ஒளியின் நிறச்சாயலைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பார்கள்; எண் குறைந்தால் மஞ்சள் சாயல், கூடினால் நீலச்சாயல். சன்னல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வினும் அதற்கு மேலும், "கூல் டேலைட்" என்று விற்கப்படும் டியூப் 6500 கெல்வின், மஞ்சள் பல்பு 3000 கெல்வினுக்கு அருகில், வட்ட விளக்கு அதன் பொத்தானைப் பொறுத்து எதுவாகவும் இருக்கும். கண்ணும் மூளையும் இந்த வேறுபாட்டைச் சமன்செய்துகொள்ளும்; கேமராவால் முடியாது. புடவையின் இடப்புறம் நீலச்சாயலும் வலப்புறம் மஞ்சள் சாயலும் ஏறிவிட்டால், எந்த மென்பொருளிலும் ஒரே அசைவில் அதைத் திருத்த இயலாது. ஒருபுறத்தைச் சரிசெய்தால் மறுபுறம் கெடும். வெளிர்பச்சைச் சுவரும் தன் பங்குக்கு, தன்மேல் விழுந்த ஒளியைப் பச்சையாக்கித் துணியின் மேல் திருப்பி அனுப்பியது. வெள்ளையையும் சந்தனத்தையும் பாழாக்க அதுவே போதும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. பட்டு விற்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். விளக்குப் பெட்டிகளில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். விளக்கொளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, உச்சம் 100. ஆனால் அந்த எண், எட்டு மென்மையான நிற மாதிரிகளுக்கு எடுத்த அளவின் சராசரி மட்டுமே. அடர்ந்த சிவப்பு ஒன்பதாவது மாதிரி. அது சராசரியில் சேர்வதில்லை. நீல ஒளி உமிழும் சில்லின் மேல் பாஸ்பர் என்ற ஒளிர்பொருளைப் பூசித்தான் பெரும்பாலான வெள்ளை எல்.இ.டி.கள் செய்யப்படுகின்றன. மலிவான விளக்குகளில் அந்தப் பூச்சு ஆழ்ந்த சிவப்பைப் போதிய அளவு தருவதில்லை. எனவே சி.ஆர்.ஐ. 80 என்று போட்டிருக்கும் விளக்கு, ஒன்பதாவது மாதிரியில் பூஜ்யத்தை ஒட்டியும், சில வேளை அதற்குக் கீழேயும் போகக்கூடும். அரக்கு, குங்குமச் சிவப்பு, மெரூன் ஆகியவை காஞ்சிப் பட்டின் உயிர் நிறங்கள். விளக்கில் இல்லாத சிவப்பைத் துணி திருப்பி அனுப்ப முடியாது. துணி அனுப்பாததைக் கேமரா பதியாது. பதியாததை மென்பொருள் மீட்காது. செறிவை ஏற்றும்போது கிடைப்பது வேறொரு சிவப்பு.

மூன்றாவது, கைபேசியின் தானியங்கி முடிவுகள். சட்டகம் முழுவதும் சிவப்பாக இருக்கும்போது, ஒளிதான் சிவந்திருக்கிறது என்று கருதி அதை ஈடுசெய்ய நிறத்தைக் குளிர்ச்சிப் பக்கம், அதாவது நீலப் பக்கம் தள்ளுவது, வெள்ளையை வெள்ளையாகக் காட்ட முயலும் தானியங்கி வெண்சமநிலையின் இயல்பு. பக்கத்தில் மஞ்சள் புடவை ஒன்றை வைத்தால் கணக்கு மாறிவிடும். ஒரே புடவை இரண்டு நிறமாகத் தெரிந்ததற்கு இதுவும் காரணம். இதோடு, நிழலைத் தூக்குவது, உச்ச ஒளியை அமுக்குவது, கூர்மையேற்றுவது எனக் கைபேசி செய்யும் வேலைகள் ஜரிகையின் மினுக்கத்தை மாவு பூசியதுபோல் ஆக்கிவிடுகின்றன.

கடைசியாக, மடிக்கணினியின் திரை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வடக்குச் சன்னல் பற்றி ஒரு குறிப்பு

வடக்குப் பார்த்த சன்னலின் ஒளி நாள் முழுதும் மாறாதது, ஓவியர்களும் படக்கலைஞர்களும் அதையே நாடுவார்கள் என்று கைநூல்கள் சொல்லும். அவை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. காஞ்சிபுரம் ஏறத்தாழ 12.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் இங்கே உச்சிக்கு வடக்கே நிற்கும். உச்சிவெயிலைச் சன்னலின் மேல் உள்ள சன்ஷேடு தடுத்துவிடும். ஆனால் ஜூன் மாதத்தில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி உதித்து, அதே அளவு வடமேற்கில் மறைகிறது. காலையிலும் மாலையிலும் தாழ்ந்த வெயில் வடக்குச் சன்னல் வழியே சாய்வாக உள்ளே வரும். அதோடு எதிர்வீட்டு ஆரஞ்சு வண்ணச் சுவரிலிருந்து திரும்பும் ஒளியும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் வடக்குச் சன்னலை நம்பி விற்பனைப் படம் எடுப்பவர்கள், கோடையில் அறைக்குள் உட்கார்ந்து ஒரு நாள் முழுதும் ஒளியின் போக்கைக் கவனித்தபின் முடிவெடுப்பது நல்லது. இந்த அறையில் சன்னலைக் கனமான கறுப்புத் திரையால் மூடிவிடுவது என்று தீர்மானித்தோம்.

அறையின் அளவும் லென்ஸின் கணக்கும்

புடவை கட்டிய ஓர் ஆளின் முழு உருவம் சட்டகத்துக்குள் வர, மேலும் கீழும் சிறிது இடம் விட்டு, ஏறத்தாழ 1.9 மீட்டர் உயரம் தேவை. ஏபிஎஸ்-சி எனப்படும் அளவுள்ள சென்சாரின் (படத்தைப் பதியும் சில்லின்) நீளப்பக்கம் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர். எல்லோரும் பரிந்துரைக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால், 1.9 மீட்டர் உயரத்தைப் பிடிக்கக் கேமரா நான்கு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆளுக்கும் பின்சுவருக்கும் இடையே நிழல் விழாமல் இருக்க ஒரு மீட்டர், படமெடுப்பவர் நிற்க அரை மீட்டர் சேர்த்தால் ஐந்தரை மீட்டர் ஆகிறது. அறையின் நீளமோ நான்கரை மீட்டர்தான். 35 மில்லிமீட்டர் லென்ஸில் கேமராவின் தூரம் 2.8 மீட்டராகக் குறைந்து, மொத்தம் 4.3 மீட்டருக்குள் அடங்கிவிடும். அவர்களிடமிருந்த சாதாரண ஜூம் லென்ஸிலேயே 35 மில்லிமீட்டர் இருந்தது. ஸ்டூடியோ ஒளியில் எஃப் 8 என்ற சிறிய லென்ஸ் துளையில் எடுக்கும்போது அந்த லென்ஸின் கூர்மை இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆகவே புதிய லென்ஸுக்கும் புதிய கேமராவுக்கும் ஒதுக்கியிருந்த தொகை முழுவதும் மிஞ்சியது. லென்ஸ் வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் அறைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: பிடிக்க வேண்டிய உயரத்தை லென்ஸின் குவிய நீளத்தால் பெருக்கி, சென்சாரின் நீளப்பக்கத்தால் வகுத்தால் ஏறத்தாழத் தேவைப்படும் தூரம் கிடைக்கும்.

பின்னணிக்கும் இதே கணக்குதான். ஸ்டூடியோக்களில் தொங்கவிடும் காகிதச் சுருள்கள் வழக்கமாக 1.35 மீட்டர், 2.72 மீட்டர் என்ற இரண்டு அகலங்களில் வருகின்றன. ஆள் சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் நிற்கும்போது, பின்சுவரில் லென்ஸ் காணும் அகலம் 1.7 மீட்டர், சிறிய சுருள் போதாது. பெரிய சுருளைப் பத்தடி அகல அறையில் மாட்டினால் இருபுறமும் விளக்கு வைக்க இடமில்லை. எனவே சுருளையே கைவிட்டு, குறுகிய பக்கச் சுவர் முழுவதையும் பளபளப்பற்ற நடுத்தரச் சாம்பல் வண்ணத்தில் பூசச் சொன்னேன். வண்ணக்கடையில் சாம்பல் என்று கலந்து கொடுப்பதில் நீலம் தூக்கலாக இருப்பதுண்டு. அதனால் ஓரடி சதுரத்தில் மாதிரி பூசி, பக்கத்தில் எந்த நிறச்சாயலும் இல்லாத சாம்பல் அட்டையை வைத்துப் படமெடுத்து, இரண்டும் ஒத்துப்போகும் கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற மூன்று சுவர்களும் கூரையும் பளபளப்பற்ற வெள்ளை. தூய வெள்ளைப் பின்னணி இணைய விற்பனைக்குச் சிறந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். சிறிய அறையில் அது ஒளியைத் திருப்பி வீசி, புடவையின் ஓரங்களை வெளிறச் செய்யும். அடர் நிறப் பட்டுக்குச் சாம்பலே கண்ணியமான பின்புலம் என்பது என் உறுதியான கருத்து.

ஒளி அமைப்பு

தொடர்ந்து எரியும் எல்.இ.டி. விளக்கா, மின்னி மறையும் ஸ்டூடியோ ஃபிளாஷா என்ற கேள்வியில் ஃபிளாஷ் பக்கம் சாய்ந்தோம். செனான் குழாயின் ஒளி பகலொளியை ஒத்த, இடைவெளியில்லாத நிறமாலை கொண்டது. அரக்கின் ஆழ்ந்த சிவப்பை அது விட்டுவிடுவதில்லை. நல்ல தரமான எல்.இ.டி.யும் இதைச் செய்யும், ஆனால் அதே விலையில் அத்தனை வெளிச்சம் கிடைக்காது. ஃபிளாஷின் இன்னொரு பலன், அறையிலுள்ள பிற விளக்குகளை அது செல்லாக்காசாக்கிவிடுவது. ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் வேகம் நொடியில் 125-இல் ஒரு பங்கு, துளை எஃப் 8 என்று கேமராவை நிறுத்திவிட்டு, ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். படம் முழுக் கறுப்பாக வந்தால், இனிப் பதிவது ஃபிளாஷ் ஒளி மட்டுமே என்பது உறுதி. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும்போது மருமகள் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்கிறார்.

ஃபிளாஷ் வாங்கும்போது அதிகபட்ச ஆற்றலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சிறிய அறையில் அது எவ்வளவு கீழே இறங்கும் என்பதே முக்கியம். 300 வாட்-செகண்ட் விளக்குகள் இரண்டு போதுமானவையாக இருந்தன. பெரும்பாலும் அவை பாதி ஆற்றலுக்கும் கீழேயே இயங்குகின்றன. ஃபிளாஷை மின்னச் செய்யக் கேமராவின் மேல் மாட்டும் டிரிக்கரிலும் ஒரு கவனம் தேவை. சில நுழைவுநிலைக் கேமராக்களின் ஹாட் ஷூவில், அதாவது டிரிக்கரை மாட்டும் மேல்பகுதியில், நடு மின்முனை கிடையாது. பொதுவான மலிவு டிரிக்கர்கள் அவற்றில் இயங்காது; அந்தந்தக் கேமரா வகைக்கென்று செய்த டிரிக்கரே வேண்டும். கேமராவைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று மாட்டிப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

முதல் விளக்கை, ஒளியை மென்மையாக்கும் பெரிய துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸோடு ஆளுக்கு மிக அருகே வைத்தபோது முகமும் தோளும் அழகாக வந்தன, பாதத்தருகே இருந்த பார்டர் இருண்டது. ஒளியின் வலிமை தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால் வரும் விளைவு இது. விளக்கு முகத்திலிருந்து ஒரு மீட்டரும் பாதத்திலிருந்து 1.8 மீட்டரும் தள்ளியிருந்தால், பாதத்துக்குக் கிடைப்பது முகத்துக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சாஃப்ட்பாக்ஸ் பெரிதாக இருந்தால் இந்தச் சரிவு சற்றுக் குறையும், ஆனால் மறையாது. உருவப்படத்தில் இதுவே அழகாகலாம். புடவையின் விலையோ பார்டரிலும் முந்தியிலும் இருக்கிறது. விளக்கை இரண்டு மீட்டர் தூரத்துக்குத் தள்ளி, இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தியதும் மேலும் கீழும் ஏறத்தாழச் சமமாகின.

ஜரிகைக்கு வேறு கவனம் வேண்டியிருந்தது. வெள்ளியிழையின் மேல் பொன் பூச்சு ஏறிய ஜரிகை, அடிப்படையில் ஒரு கண்ணாடிதான். எதிரே இருப்பதைக் காட்டும். சுற்றிலும் வெள்ளைச் சுவர் இருந்தால் அது வெள்ளையையே காட்டி, மங்கிய மஞ்சள் பட்டையாகிவிடும். பொன்னாகத் தெரிய, அதற்கு எதிரே ஒளியும் இருக்க வேண்டும், இருளும் இருக்க வேண்டும். ஒருபுறம் சாஃப்ட்பாக்ஸ், மறுபுறம் ஆளுயரக் கறுப்புத் துணி, பின்பக்கத்தில் குறுகலான இரண்டாவது விளக்கு மிகக் குறைந்த ஆற்றலில் ஜரிகையை உரசிச் செல்லும் கோணத்தில் என்று அமைத்தபோதுதான், உடலோடு பார்டரைக் கோத்து நெய்யும் கோர்வை முறையில் இணைத்த பார்டரின் இழையோட்டம் தெளிவாக எழுந்து வந்தது. அந்தக் கறுப்புத் துணிக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. பலன் விளக்குகளுக்கு நிகரானது.

அடர்சிவப்பில் இன்னொரு பொறி உண்டு. கேமராவின் பொது ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம், சரியாக இருப்பதுபோல் காட்டும்போதே, சிவப்பு நிறத்துக்கான தனிப் பதிவு நிரம்பி வழிந்திருக்கும். அப்படி வழிந்த இடத்தில் நெசவு தெரியாது. வண்ணம் பூசிய தகடுபோல் ஆகிவிடும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் அமைப்பைக் கேமராவில் இயக்கி, சிவப்புப் புடவைகளுக்கு மட்டும் வெளிச்சத்தைச் சற்றே குறைத்து கேமரா திருத்தாத மூலப்பதிவான ரா கோப்பாக எடுத்து, பிறகு உயர்த்துவது என்ற வழக்கத்தை ஏற்படுத்தினோம். ராணி பிங்க் நிறத்துக்கும் இது பொருந்தும்.

திரை

மருமகள் பயன்படுத்திய மடிக்கணினியின் விவரக்குறிப்பில், திரை காட்டும் நிறங்களின் அளவாக, "45 சதவீதம் என்.டி.எஸ்.சி." என்று இருந்தது. விலை குறைந்த மடிக்கணினிகளில் இது மிகச் சாதாரணம். இணையத்தின் பொதுத் தரமான எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அத்தகைய திரைகளால் ஏறத்தாழக் காட்ட முடியும். குறிப்பாகச் சிவப்பு அவற்றில் செங்கல் பக்கம் சரியும். திரையில் அரக்கு சோர்வாகத் தெரிவதைக் கண்டு அவர் செறிவை ஏற்றுவார். வாங்குபவரின் நல்ல கைபேசித் திரையில் அது தீப்பிடித்த சிவப்பாகத் தெரியும். நிறம் மாறுகிறது என்ற முறையீட்டில் கணிசமான பங்கு இங்கிருந்தே வந்தது என்று நினைக்கிறேன்.

மிஞ்சிய கேமராத் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு எஸ்.ஆர்.ஜி.பி. முழுவதையும் காட்டும் 24 அங்குல ஐ.பி.எஸ். திரை ஒன்றை வாங்கினார்கள். திரையின் நிறத்தை அளக்கும் கருவியான நிறமளவி ஒன்றை இரவல் பெற்று, வெண்புள்ளி 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 காண்டெலா என்று அளந்து நிறுத்தினோம். திரைக்குப் பின்னாலும் முன்னாலும் சன்னல் இல்லாத மூலையில் மேசை போடப்பட்டது. வீட்டு ஸ்டூடியோவுக்குப் பட்டியல் போடுகிறவர்கள் திரையைக் கடைசியில் எழுதுகிறார்கள், அல்லது எழுதுவதே இல்லை. விற்பனைப் படம் எடுப்பவர் கேமராவுக்கு முன்பே இதை வாங்க வேண்டும் என்பேன்.

மென்பொருள் தேர்வு

மென்பொருளை அதன் வசதிப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, செய்ய வேண்டிய வேலையை முதலில் எழுதிக்கொள்வது பயன் தரும். இங்கே ஒரு புடவைக்கு முழு உருவம், முந்தி, பார்டர், உடல், மடிப்பு எனச் சில படங்கள். எல்லாம் ஒரே ஒளியில், ஒரே கேமரா அமைப்பில் எடுக்கப்பட்டவை. ஆகவே முதல் தேவை, ஒரு படத்தில் செய்த நிறத்திருத்தத்தை மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஏற்றுவது. அடுத்தது, நிற அட்டையை வைத்துக் கேமராவின் நிறத்தை நேர்செய்யும் வசதி. மூன்றாவது, நூல்பிசிறையும் பொம்மையின் மூட்டையும் மறைக்கும் சிறு ஒட்டுவேலை. இவற்றோடு, எட்டு ஜிபி நினைவகமுள்ள கணினி, வீட்டு வேலைகளுக்கு இடையே கிடைக்கும் துண்டு துண்டான நேரம், மாதந்தோறும் ஏறியிறங்கும் வருமானம் ஆகிய மூன்று கட்டுப்பாடுகள்.

அடோபியின் லைட்ரூம் கிளாசிக்கும் ஃபோட்டோஷாப்பும் இந்தத் தேவைகள் அனைத்தையும் நன்றாகவே நிறைவேற்றும். கற்பதும் எளிது, கற்றுத்தர ஆளும் கிடைக்கும். ஆனால் 2013-இல் அடோபி கிரியேட்டிவ் கிளவுட் முறைக்கு மாறியதிலிருந்து ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டுமே கிடைக்கின்றன. லைட்ரூமும் சில ஆண்டுகளில் அதே வழிக்குச் சென்றது. சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி மூடிக்கொள்ளும். முகூர்த்த மாதங்களில் வியாபாரமும் ஆடியில் ஓய்வுமாகப் போகும் இந்தத் தொழிலுக்கு அது உறுத்தலாக இருந்தது. கேமராவைக் கணினியோடு கேபிளால் இணைத்து எடுப்பதில் கேப்சர் ஒன் புகழ்பெற்றது. விலை இந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை. படத்திருத்த மென்பொருளான அஃபினிட்டியை 2024-இல் கேன்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபர் முதல் அது இலவசமாகக் கிடைக்கிறது. தனிப்படத்தில் நுணுக்க வேலைக்கு அது மிக நல்லது. ஒரே திருத்தத்தைப் பல ரா கோப்புகளில் ஏற்றும் அன்றாட வேலைக்கு அதன் அமைப்பு ஏற்றதல்ல.

கேனன், நிகான், சோனி ஆகிய மூன்றும் தத்தம் கேமராக்களுக்கு இலவச மென்பொருள் தருகின்றன. இதைப் பலர் நிறுவிப் பார்ப்பதேயில்லை. கேபிள் வழியே எடுத்த படம் உடனே பெரிய திரையில் விழ அதுவே போதுமாக இருந்ததால், படமெடுக்கும் கட்டத்துக்கு அதை வைத்துக்கொண்டோம். நிறத்திருத்தத்துக்கு, 2009 முதல் வெளிவரும் கட்டற்ற மென்பொருளான டார்க்டேபிளைத் தேர்ந்தெடுத்தோம். அதன் நிறச் சமனாக்கப் பகுதியில் 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டையைப் படமெடுத்துக் கேமராவின் நிறத்தை நேர்செய்யும் வழி உள்ளிணைந்தே இருக்கிறது. இந்த வேலைக்கு அதுவே தீர்மானமான காரணம். திருத்தங்கள் மூலக்கோப்பைத் தொடாமல் தனிக் கோப்பில் பதிவாகின்றன.

டார்க்டேபிள் கடினமானது என்ற பெயரைத் தகுதியோடு பெற்றிருக்கிறது. திறந்தவுடன் கண்ணில்படும் பகுதிகளின் எண்ணிக்கையே புதியவரைத் திகைக்க வைக்கும். ஆனால் ஒளியும் கேமரா அமைப்பும் மாறாத ஸ்டூடியோவில் அந்தப் பெரும்பகுதி தேவைப்படுவதேயில்லை. நிற அட்டையைக் கொண்டு செய்த திருத்தத்தை ஒரு பாணியாகச் சேமித்து, விரைவணுகல் பலகத்தில் வெளிச்சம், நிறச்சமன், வெட்டுதல் ஆகிய மூன்றை மட்டும் வைத்து, மற்றவற்றை மறைத்துக் கொடுத்தேன். மருமகள் இப்போது செய்வது, பாணியைத் தேர்ந்தெடுத்த எல்லாப் படங்களிலும் ஏற்றி, வெளிச்சத்தை ஒருமுறை பார்த்து, வெட்டி, எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியில் ஜேபெக் கோப்பாக ஏற்றுமதி செய்வது மட்டுமே. வேறு நிறவெளியில் அனுப்பினால் சில செயலிகளில் படம் சோகையாகத் தெரியும். கணினி மெதுவாக இருந்ததால் நினைவகத்தைப் பதினாறு ஜிபியாக்கினார்கள். ஒட்டுவேலைக்கு ஜிம்ப். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து அதில் வடிப்பான்களைப் பின்னரும் மாற்றலாம் என்பது பெரிய வசதி.

திருமணப் படமெடுப்பவர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் லைட்ரூமையே சொல்லியிருப்பேன். மண்டபத்தில் ஒளி நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆயிரக்கணக்கான படங்களில் முகத்தைத் தானே கண்டறிந்து தனியே திருத்தும் வசதி அவருக்குச் சந்தாவை ஈட்டித் தந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு வசதிகளில் இவ்வீட்டுக்கு ஒரு கட்டுப்பாட்டை வலியுறுத்தினேன். பின்னணியைத் தானே வெட்டும் கருவிகள் முந்தியின் குஞ்சத்தை அறுத்துவிடுகின்றன. விடுபட்டதை நிரப்பும் கருவிகள், நெசவில் இல்லாத புட்டாவையும் இழையையும் வரைந்து வைக்கக்கூடும். விற்கும் பொருளின் மேல் அத்தகைய கருவியை ஓட்டினால், இல்லாத ஒன்றை விற்றதாக ஆகும். சுவரிலும் தரையிலும் பயன்படுத்தலாம். துணியின் மேல் கூடாது.

சரிபார்ப்பும் இன்றைய நிலையும்

துணிக்கடையில் புடவையை வாசலுக்கு எடுத்துச்சென்று பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நம் ஊர் வழக்கம். இறுதிச் சரிபார்ப்பாக அதையே வைத்துக்கொண்டோம். படம் முடிந்ததும் புடவையை வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, உடனே திரைக்கு வந்து ஒப்பிட வேண்டும். அதற்குத் தீர்ப்புச் சொல்பவர் வீட்டின் மாமியார். சாயம் போட்ட பட்டுக்கட்டுகளைப் பல்லாண்டுகளாகத் தரம்பிரித்த கண் அவருடையது. "இது அரக்கு இல்லம்மா, கொஞ்சம் கத்தரி ஏறியிருக்கு" என்று அவர் சொன்னால், நிறமளவி என்ன சொன்னாலும் படம் திரும்பப் போகும். பெரும்பாலும் அவர் சொன்ன இடத்தில் ஏதோ ஒரு பிழை இருந்திருக்கிறது. ஒருமுறை, வெள்ளைக் கதவு திறந்திருந்ததால் பக்கத்து அறையின் நீலச்சுவர் ஒளி உள்ளே திரும்பியிருந்தது.

வாங்குபவரின் திரை நம் கையில் இல்லை. பல கைபேசிகள் நிறத்தை மிகைப்படுத்தும் அமைப்போடுதான் வருகின்றன. அதனால் ஒவ்வொரு படத்தோடும் நிறத்தை நெசவுத் தொழிலில் வழங்கும் பெயரால் எழுதுகிறார்கள்: அரக்கு, மாம்பழம், எம்.எஸ். நீலம், கிளிப்பச்சை. பெயரைப் படித்தவர் படத்தைப் பார்க்கும்போது கேள்வி கேட்கிறார், வாங்கிய பிறகு முறையிடுவதில்லை. நிறம் வேறு என்று வரும் செய்தி இப்போது அபூர்வமாகிவிட்டது.

முற்றும் தீராமல் இருப்பது மயில்கழுத்து போன்ற இரட்டை நிறப் புடவைகள். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். துணி மடிகிற கோணத்தையும் ஒளி விழுகிற பக்கத்தையும் பொறுத்து நீலமோ பச்சையோ மேலோங்கும். எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் ஒரு நிலைப்படம் ஒரு கோணத்தை மட்டுமே காட்டும். மடிப்போடும் மடிப்பின்றியும் இரண்டு படங்கள் அனுப்புவது ஓரளவு உதவுகிறது. அசையும் படம்தான் முழு விடை. காணொளிக்கு ஃபிளாஷ் பயன்படாது என்பதால் அடுத்த செலவு ஒரு தொடர்விளக்கு. சி.ஆர்.ஐ. எண்ணை மட்டும் பார்க்காமல் ஒன்பதாவது மாதிரியின் அளவை நிறுவனம் தனியே வெளியிட்டிருக்கிறதா என்று பார்க்கவும், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடியில் 50-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் பட்டை ஓடாமல் வருகிறதா என்று கடையிலேயே சோதிக்கவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடவே ஓர் அரக்குத் துண்டும் ஒரு மயில்கழுத்துத் துண்டும் எடுத்துச்செல்வதாக மருமகள் சொல்லியிருக்கிறார்.